சிரிக்கத் தெரியாத மாப்பிள்ளை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் இருமலும் இங்கே சுகம். நீயும் அப்பாவும் அப்பாவின் கோபமும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று மாதமாகக் கடிதம் இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாய். தெரியும். திட்டுவதற்கு முன்னால் சேதியைக் கேள். இந்தப் படத்தில் என் பெயர் தனியாகத் திரையில் வரப்போகிறது. உதவி எடிட்டர் இல்லை அக்கா, எடிட்டர்! ஒன்பது வருஷம் அடுத்தவர்களுக்கு ஃபிலிம் வெட்டி ஒட்டிக் கொடுத்த கைக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது.

டைரக்டர் கொஞ்சம் மறை கழன்ற ஆசாமி. காதலைப் பற்றிப் படம் எடுக்கிறார், ஆனால் கதாநாயகன், கதாநாயகி, பாட்டு, சண்டை ஒன்றும் கிடையாது. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, வழி கேட்பது போல “காதல் எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்கிறார். ஒரு தபால்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், “நேரா போய் இடது பக்கம் திரும்புங்க, பச்சை கேட்டு” என்றார். பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர், “சாவி கையில இருக்கா, இல்ல நான் வரணுமா?” என்று கேட்டார். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே கதை போலவும் சில காட்சிகள் வரும். கேட்டால், “காதலே பாதி நிஜம், பாதி நடிப்புதானே?” என்பார்.

இப்போது உன் தலையில் விஷயத்தை இறக்கி வைக்கிறேன். கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் ஒரு நாளை அப்படியே படம் எடுக்க வேண்டுமாம். நான் உன்னைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக் கடை என்றதும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு மூன்று தடவை வருவார்கள். நீ நடிக்க வேண்டாம், பவுடர்கூடப் பூச வேண்டாம். வழக்கம்போல வாடிக்கையாளர்களை மிரட்டிக்கொண்டிரு, போதும். ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், போட்டுக்கொடு. எனக்காக.

அப்பாவிடம் இப்போதே சொல்லாதே, சட்டை இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார்.

உன் வாலு

*

பிப்ரவரி 20

அன்புள்ள வாலுக்கு,

இங்கே இருவரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனால் கேமரா வந்த இரண்டு நாளும் அது எங்கே போனது என்று தெரியவில்லை. உன் இருமலுக்கு மருந்து வாங்கினாயா, இல்லை அதற்கும் நான் வந்துதான் ஆக வேண்டுமா?

உன் ஆட்கள் வந்து கடையைத் தலைகீழாக்கிவிட்டுப் போனார்கள். சத்தம் பதிவு செய்கிறவர் வந்ததும் முதல் காரியமாக மின்விசிறியை நிறுத்திவிட்டார். வியர்த்துக் கொட்டியது. முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் கேமரா திரும்பினாலும் அங்கே போய் நின்றார். அப்பாவிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். “ரெண்டு தெரு தள்ளி இருந்துச்சு. இப்ப கடையை மாத்திட்டாங்க” என்றார். டைரக்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அப்பா தன்னைப் பெரிய நடிகர் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் தண்ணீர் கேட்கிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சிரிக்காதே.

படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கேமராவைப் பார்த்துத் திரும்பப் போனவரை டைரக்டர் கெஞ்சிக் கூப்பிட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்கினார். பாலங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையாம். சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவாராம். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். அதுவும் வாய்விட்டு. கண்ணாடி மூக்கில் அழுத்துகிறது, சரிசெய்து தாருங்கள் என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் தூக்கிப் பிடித்து அசைத்தேன். பவர் இருந்தால் எதிரே சுவரில் இருக்கும் எழுத்து கூடவே நகரும். இதில் நகரவே இல்லை. வெறும் கண்ணாடி, வாலு! பவரே கிடையாது.

“ஏங்க, இதைப் போட்டா நல்லா தெரியுதா?” என்று கேட்டேன்.

“இப்பதான் நல்லா தெரியுது” என்றார், என் முகத்தைப் பார்த்து.

முப்பத்தெட்டு வயசில் காது சூடாகிறது, என்ன கேவலம் பார். முந்தின வாரமே கடை வாசலில் நின்று பார்த்திருப்பார் போலிருக்கிறது. உள்ளே வர ஒரு சாக்கு வேண்டாமா? நான் காட்டிக்கொடுக்கவில்லை. மூக்குப் பட்டையைச் சரிசெய்து, துடைத்துக் கொடுத்து அனுப்பினேன். விலாசம் எழுதும் புத்தகத்தில் என் கடை விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனார். அந்தக் கண்ணாடி விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும். முதலாளிக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் தமுக்கடிப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 3
(அனுப்பாத கடிதம்)

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இதை எழுதி முடிக்கும்வரை தைரியம் இருக்க வேண்டும்.

அந்த ஆளுக்குப் பாலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் நாடகத்தில் நடிப்பவர். படத்தில் மூன்று ஜோடிகள் வருகிறார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் நிஜம், ஒருவர் நடிப்பு. நிஜமாக இருப்பவருக்குக் கடைசி நாள் வரை தெரியக்கூடாது. அதுதான் டைரக்டரின் விதி. “கடைசி நாள் சொல்லிடுவோம்மா. அவங்களும் சேர்ந்து சிரிச்சிடுவாங்க” என்றார். “உங்க சொந்தத்துல தனியா இருக்கிற, வாய் நிறையப் பேசுற பொண்ணு யாராவது?” என்று கேட்டபோது எல்லாரும் யோசித்தார்கள். நான் யோசிக்கவேயில்லை. அன்றைக்குத்தான் எடிட்டர் வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார்.

உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். உன்னைப் புகழ்ந்தால் உனக்கு எரிச்சல் வரும், வேலையைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும். சிரிக்கிற ஆள் என்றால் பிடிக்கும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று நீ வேண்டாமென்று சொன்ன கதையையும் எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு நடிகரைத் தேடிப் பிடித்தார்கள்.

கண்ணாடி நாடகக் கம்பெனி பெட்டியிலிருந்து எடுத்தது. கண்ணாடிக் கடைக்குப் போகிறோமே, பவர் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று படித்தபோது, விஷயம் முடிந்தது, தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். அடுத்த வரியிலேயே, உள்ளே வர அவர் தேடிய சாக்கு அது என்று நீ நம்பிவிட்டாய். உன் கடிதத்தை டைரக்டரிடம் காட்டினேன். ஏன் காட்டினேன்? அவர் துள்ளிக் குதித்தார். அடுத்த தடவை அந்த ஆளே உண்மையை ஒத்துக்கொள்வது போல வைத்துவிடலாம் என்கிறார்.

வேண்டாம் அக்கா. அடுத்த தடவை அவர்களைக் கடைக்குள் விடாதே. கதவைச் சாத்து.

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. அப்பாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதம் படித்தேன். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால் நாலு வரிதான். நீ வந்திருக்கும் காட்சிகள் எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கின்றன. ஏப்ரலில் மறுபடி வருவார்கள். அந்தப் பாலத்துக்காரரைப் பற்றி எனக்கென்ன தெரியும், நீதான் பார்த்தாய். ரொம்ப யோசித்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

உன் வாலு

*

ஏப்ரல் 25

அன்புள்ள வாலுக்கு,

நலம். அப்பாவும் நலம், உன் ஒத்தடத்தை நான் கொடுக்கிறேன், பெயர் உனக்கு. “சின்னவ சொன்ன வைத்தியம்” என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டார்.

நாலு வரி எழுதுகிற ஆளா நீ? ஏதோ உடம்பு சரியில்லை, மறைக்கிறாய்.

பாலத்துக்காரர் இதுவரை ஐந்து கடிதம் போட்டிருக்கிறார். முதல் கடிதம் வந்தபோது பிரிக்காமல் அரை நாள் கல்லாப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். பாலத்தைப் பற்றித்தான் எழுதுகிறார். எந்தப் பாலம் எப்படி முனகும், பாரவண்டி போகும்போது கீழே நின்றால் எப்படி இருக்கும் என்று. கடைசியில் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி. “இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை எப்படி அளப்பீர்கள், வாடிக்கையாளர் கண்ணைச் சிமிட்டினால் என்ன செய்வீர்கள்?” பதினாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், ஒரு மனுஷர் அதைக் கேட்டதில்லை. மூன்று பக்கம் பதில் எழுதினேன். ஏனோ அவர் எழுத்தைப் படித்தால் வெளி ஆள் எழுதியது போலவே இல்லை. நம் வீட்டு ஆள் எழுதியது போல இருக்கிறது.

சென்ற வாரம் கேமரா வந்த அன்றைக்கே அவரும் வந்தார். “நம்ம ஊர்ப் பாலம் கேமராவைப் பாத்தாதான் ஆடுமா?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இதுல பவர் இல்லைங்க. உள்ள வர்றதுக்கு வேற வழி தெரியல.”

நான் தெரியாதது போலவே முகத்தை வைத்துக்கொண்டேன். தானாக வந்து ஒத்துக்கொண்டார் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. பொய்யை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர்.

இன்னொரு முக்கியமான விஷயம். முதலாளி ஆறு மணி நேரத் தொலைவில் புதுக் கிளை திறக்கிறார். அதை முழுக்க என்னை நடத்தச் சொல்கிறார். கண் சோதிக்கத் தனி அறை, எனக்குக் கீழே இரண்டு பேர், மாடியில் எனக்கும் அப்பாவுக்கும் வீடு. நான் இதற்காக எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே இவர். இன்னும் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை, கேட்பார் போலத்தான் இருக்கிறது.

நீ அந்தக் கூட்டத்தோடு இருக்கிறாய். அந்த டைரக்டருக்கோ வேறு யாருக்கோ இவரைத் தெரியுமா என்று விசாரித்து உண்மையை எழுது. நீ போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன். எனக்குக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

உடனே பதில் போடு.

அக்கா

*

மே 30

அன்புள்ள வாலுக்கு,

அனைவரும் நலம். நீ நலமா என்பதே தெரியவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், உனக்குக் கை ஒடிந்துவிட்டதா?

முதலாளியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உன் பதிலுக்காக இன்று மத்தியானம்வரை பார்த்தேன். கிளை விஷயத்தை நான் பாலத்துக்காரருக்கு எழுதவே இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தபோது அவரிடமிருந்தே கடிதம் வந்தது. “நான் ஆகஸ்டில் வரும்போது நீங்கள் அதே கடையில், அதே ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்” என்று. சொல்லாமலே மனசு தெரிகிறது பார் சிலருக்கு. முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, பரவாயில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லாரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

உன் கடிதங்கள் மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நான் வேறு இடத்தில் வேலையாக இருந்தேன். நீ முடிவு எடுத்துவிட்டாய், இனி நான் என்ன சொல்ல? உன் மனசுக்கு எது பட்டதோ அதுதான் சரி. விசாரித்தவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகஸ்டில் கடைசித் தடவையாக வருவார்கள். அப்பாவுக்கு என் அன்பு.

உன் வாலு

*

ஆகஸ்ட் 11

வாலு,

அப்பா நலம். நான் எழுத உட்காரும் அளவுக்கு நலம்.

நேற்று கேமரா வந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள். மூன்று மணிக்கு அவர் வந்தார். ஏப்ரலில் அவர் கண்ணைச் சோதித்துக் குறித்த பவரில் நிஜக் கண்ணாடி ஒன்று அவருக்காக ஆசையாய்ச் செய்து வைத்திருந்தேன், படிக்கும்போது போட்டுக்கொள்ள. அதன் கம்பியைச் சூடான மணலில் வைத்து, அவர் காதுக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டார்.

“ஆயுசு முழுக்க நான் சிரிச்சுக்கிட்டே இருப்பேங்க. என்னையும் சிரிக்கத் தெரியாத மாப்பிள்ளைன்னு திருப்பி அனுப்பிட மாட்டீங்களே?”

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு சிரித்தேன். “அனுப்ப மாட்டேன்” என்றேன். கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டிவிட்டேன். டைரக்டர் கையைத் தட்டினார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்த மாப்பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியாது என்பது பொய். அந்தப் பொய்யை இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குக்கூட அது தெரியாது, அவருக்குத் தெரிந்தது நடந்த விஷயம்.

நடந்தது இது. அவர் நன்றாகச் சிரிப்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு டீயைத் தன் சட்டை மேலேயே கொட்டிக்கொண்டு, “இப்பவே காட்டிடறது நல்லது, நான் இப்படித்தான்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. தேதிகூடக் குறித்தாகிவிட்டது. அடுத்த வாரம் நீ ஷூட்டிங் பார்க்கப் போகிறேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு ஓடினாய். பதினாறு வயது உனக்கு. நாலாம் நாள் பஸ் நிலையத்தில் உன்னைப் பிடித்துக் கூட்டி வருவதற்குள் அவர்கள் வீட்டில், “தங்கச்சியே இப்படின்னா அக்கா எப்படியோ” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீ மூலையில் உட்கார்ந்து, “என்னாலயா அக்கா?” என்று கேட்டாய். நாலு நாள் பட்டினியில் உன் முகம் சுண்டிக் கிடந்தது. “போடி, நான்தான் வேணாம்னேன். அந்த ஆளுக்குச் சிரிக்கவே தெரியல” என்றேன். நீ களுக்கென்று சிரித்தாய். உடனே சாப்பிட்டாய். அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன், உன்னிடம் ஒருநாளும் சொல்லக்கூடாது என்று.

அந்தப் பொய் நேற்று ஒரு அன்னியன் வாயிலிருந்து என் கடைக்குள் திரும்பி வந்தது. கேட்டதும் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பவர் இல்லாத கண்ணாடியைப் பற்றி உனக்கு மட்டும் எழுதினேன். அவர் வந்து ஒத்துக்கொண்டார். கிளையைப் பற்றி உனக்கு மட்டும் எழுதினேன். அவர் இங்கேயே இருக்கச் சொன்னார். மனசு தெரிந்த மனுஷர் என்று நானே உனக்கு எழுதியிருக்கிறேன், முட்டாள்.

கேமராவை மூடியதும், “நீங்க எந்த ஊர்ப் பாலம் பாக்கறீங்க?” என்று கேட்டேன். அவர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினார். “உங்க தங்கச்சிதான்மா எங்களுக்கு எல்லாமே” என்றார். நடிகருக்காவது வெட்கம் இருந்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் வேலைக்கு வந்த ஆள். கண்ணாடியை அவரே வைத்துக்கொள்ளட்டும், பவர் சரியாகத்தான் இருக்கிறது.

அவர் ஏமாற்றினார் என்று எனக்கு ஆத்திரம் வரவில்லை. அவரை எனக்கு யாரென்றே தெரியாது. உன்னைத்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உனக்குத் தலை பின்னிவிட்ட கை இது. உனக்கு எப்படி மனசு வந்தது?

*

ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. உன்னை நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

ஆமாம். எல்லாம் நான்தான். உன் கடிதங்களை டைரக்டரிடம் வாசித்துக் காட்டியதும் நான்தான். அந்த ஆள் பெயரில் உனக்கு வந்த கடிதங்களை டைரக்டர் எழுதுவார், உனக்குப் பிடிக்கிற மாதிரி நான் திருத்துவேன். கண்மணி தூரத்தைப் பற்றிய கேள்வி என்னுடையது. நீ வேறு கடைக்குப் போய்விட்டால் முன்பு எடுத்த காட்சிகளோடு ஒட்டாது என்று டைரக்டர் பயந்தார். ஜன்னல் பக்கம் நில் என்ற வரியை அவர் சொன்னார், நான் எழுதினேன். உண்மையைச் சொல்லி மார்ச்சில் ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் நான் இன்னும் கேவலமாகத் தெரிவேன், தெரியும்.

மாப்பிள்ளை கதை எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது. பதிமூன்று வருஷமாக அதை ஒரு வேடிக்கைக் கதையாக எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த ரீல் மேசைக்கு வந்தது. அவர் அந்த வரியைச் சொன்னதற்கும் நீ சிரித்ததற்கும் நடுவே நான்கு நொடி இருக்கிறது. தொண்ணூற்றாறு ஃபிரேம். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். உன் கண் முதலில் அவரைப் பார்க்கிறது. அப்புறம் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் சிரிக்கிறாய். டைரக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். “இதுதான் காதல். எந்த நடிகையாலும் இது முடியாது. படத்தை இதோட முடிக்கிறோம்” என்றார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது என்ன முகம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ரீல் என் கையில் இருக்கிறது. வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது, நெகட்டிவோடு கொளுத்திவிடுகிறேன். வேலை போனால் போகட்டும். நீ சொன்னால் செய்கிறேன்.

உன் வாலு

*

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? செப்டம்பர், அக்டோபரில் போட்ட கடிதங்கள் கிடைத்தனவா?

படம் வெளிவந்துவிட்டது. நம் ஊருக்கும் வந்திருக்கும். நீ பதில் போடவில்லை. தினமும் தபால் பார்த்தேன். படத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. வேண்டாம் என்று நீ எழுதாததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது சரியா என்று உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

அப்பா சொன்ன பதிலுக்குத் தியேட்டரில் பெரிய சிரிப்பு. கடைசியில் உன் முகம் வரும்போது யாரும் இருமுவதுகூட இல்லை. அது மறைவதற்கு முன்னால், அதன் மேலேயே, எடிட்டர் என்று என் பெயர் வருகிறது. வேறு இடத்தில் போடச் சொன்னேன். டைரக்டர் கேட்கவில்லை. சுவரொட்டியிலும் அந்த முகம்தான். நான் வேலைக்குப் போகும் வழியில் ஏழு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள், இப்போது தெருவை மாற்றிக்கொண்டு போகிறேன்.

அப்பா எப்படி இருக்கிறார்? கடை எப்படிப் போகிறது? தூங்குகிறாயா? படம் பார்த்தாயா? என்மேல் இன்னும் கோபமா? திட்டி எழுது அக்கா. பத்துப் பக்கம் திட்டு. எதையாவது எழுது.

உன் வாலு

*

டிசம்பர் 15

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னிக்கவும். கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். முட்டிவலி குறைந்துவிட்டது. கடை நன்றாகப் போகிறது. புதுக் கிளைக்கு முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். படம் பார்த்தேன், பிடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்கள் என்னை அடையாளம் கண்டு பேசுகிறார்கள், சந்தோஷமாக இருக்கிறது. கோபம் ஏதுமில்லை.

முன்பு நான் உன்னிடம் பொய் சொன்னேன் என்றால், உனக்கு வலிக்கக்கூடாது என்று சொன்னேன். இனி சொன்னால் எனக்காகச் சொல்வேன். மேலே எழுதியிருப்பதில் எது நிஜம், எது இல்லை என்று உன்னால் இனி ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும்.

அடிக்கடி கடிதம் போடு. தவறாமல் பதில் எழுதுகிறேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா